ஒரு புள்ளி, அரைப் புள்ளி, ஏழில் ஒரு புள்ளி

1958 ஆகஸ்ட் 24 அன்று போர்ச்சுகலின் போர்ட்டோ நகரத் தெருக்களில் கிராண்ட் பிரி பந்தயம் நடந்தது. டிராம் தண்டவாளமும் கல் பாவிய சாலையும் கலந்த தடம். இங்கிலாந்தின் ஸ்டெர்லிங் மாஸ் முதலிடம் பிடித்தார். இரண்டாவதாக வந்துகொண்டிருந்த இன்னொரு ஆங்கிலேயர் மைக் ஹாத்தார்னின் ஃபெராரி, கடைசிச் சுற்றில் சுழன்று நின்றுவிட்டது. என்ஜினும் அணைந்துவிட்டது. மேட்டை நோக்கித் தள்ளிப் பார்த்தும் முடியாமல், வண்டியைச் சரிவில் எதிர்த்திசையில் உருட்டி உயிர்கொடுத்து, ஒருவழியாக இரண்டாம் இடத்திலேயே வந்து சேர்ந்தார். பந்தயத் திசைக்கு எதிராக ஓட்டினார் என்று அவரைத் தகுதிநீக்கம் செய்ய நடுவர்கள் முனைந்தார்கள். அவருக்காகப் பேசப் போனவர் மாஸ். ஹாத்தார்ன் வண்டியை உருட்டியது நடைபாதையில், பந்தயத் தடத்தில் இல்லை என்று சாட்சி சொன்னார். நடுவர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

அந்த ஆண்டின் உலகப் பட்டத்துக்கு மாஸுடன் மோதிக்கொண்டிருந்தவர் அதே ஹாத்தார்ன்தான்.

ஆண்டு முடிவில் ஹாத்தார்ன் 42 புள்ளி, மாஸ் 41. மாஸ் நான்கு பந்தயங்களை வென்றிருந்தார், ஹாத்தார்ன் ஒன்றே ஒன்றை. போர்ட்டோவில் இரண்டாம் இடத்துக்காக ஹாத்தார்னுக்குக் கிடைத்தவை 6, அன்றைய அதிவேகச் சுற்றுக்காக இன்னும் 1, ஆக 7 புள்ளி. அவை பறிபோயிருந்தால் அவருடைய கணக்கு 39-இல் நின்றிருக்கும். அந்தப் பந்தயத்தில் இன்னொன்றும் நடந்தது. ஹாத்தார்ன் அதிவேகச் சுற்றை ஓட்டிவிட்டார் என்று மாஸின் அணி பலகையில் எழுதிக் காட்டியது. மாஸ் அதைத் தவறாகப் படித்துவிட்டு வேகத்தைக் கூட்டாமல் விட்டார். அந்த ஒரு புள்ளி கை மாறியிருந்தால் மாஸ் 42, ஹாத்தார்ன் 41. மாஸ் கடைசிவரை உலகப் பட்டம் வெல்லவே இல்லை.

இதைப் பெருந்தன்மையின் கதையாகச் சொல்வதே வழக்கம். பெருந்தன்மைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் பட்டம் யாருக்கு என்பது நடைபாதையா தடமா என்ற கேள்வியில் தொங்கியது, அதற்கு விடை தந்தது தோற்கப்போகிறவரின் நேர்மை என்பதையும் பார்க்க வேண்டும். ஃபார்முலா ஒன்னின் எழுபத்தைந்து ஆண்டுச் சரித்திரத்தில் பந்தயங்களைத் தீர்மானித்தது வேகம். பட்டங்களைப் பல முறை தீர்மானித்தவை புள்ளிக் கணக்கும் தண்டனையும்.

1950-இல் உலகச் சாம்பியன்ஷிப் தொடங்கியபோது வகுத்த கணக்கு எளியது. முதல் ஐந்து இடங்களுக்கு முறையே 8, 6, 4, 3, 2. அதிவேகச் சுற்றுக்கு ஒன்று. ஏழு பந்தயங்களில் சிறந்த நான்கு முடிவுகள் மட்டுமே சேரும். சிலவற்றைக் கழித்துவிடும் இந்த ஏற்பாட்டுக்குக் காரணம் இருந்தது. அந்தக் காலத்து என்ஜின்கள் அடிக்கடி உடைந்தன. போதாக்குறைக்கு அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் 500 பந்தயமும் 1960 வரை பட்டியலில் இருந்தது. ஐரோப்பிய அணிகளில் பெரும்பாலானவை அங்கே போவதே இல்லை. இயந்திரத்தின் கோளாறுக்கு ஓட்டுநர் விலை கொடுக்கக் கூடாது என்பது அதன் உள்ளார்ந்த எண்ணம். நல்ல எண்ணம்தான்.

அதிவேகச் சுற்றுக்கான புள்ளி விரைவிலேயே விசித்திரம் காட்டியது. 1954-இல் சில்வர்ஸ்டோனில் நேரத்தை முழு விநாடிக் கணக்கில்தான் குறித்தார்கள். ஃபாஞ்சியோ, கொன்சாலெஸ், ஹாத்தார்ன், மாஸ், அஸ்காரி, மரிமோன், பெஹ்ரா என்று ஏழு பேருக்கு ஒரே நேரம் பதிவானது. ஒரு புள்ளியை ஏழாகப் பங்கிட்டு, ஆளுக்கு 0.14 என்று எழுதினார்கள். யார் வேகமானவர் என்று அளக்கக் கடிகாரத்துக்குத் திராணி இல்லாதபோது, அந்த வேகத்துக்குப் பரிசு மட்டும் எப்படிக் கொடுப்பது? 1959-க்குப் பிறகு அந்தப் புள்ளி கைவிடப்பட்டது. 2019-இல் முதல் பத்து இடங்களுக்குள் முடிப்பவர்களுக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு திரும்ப வந்தது. 2024 சிங்கப்பூர் பந்தயத்தின் இறுதியில், கடைசி வரிசையில் ஓடிக்கொண்டிருந்த டேனியல் ரிக்கார்டோ புது டயர் மாட்டிக்கொண்டு அதிவேகச் சுற்றை ஓட்டினார். அவருக்கு அதனால் ஒன்றும் கிடைக்காது. ஆனால் முதலிடத்தில் இருந்த லாண்டோ நோரிஸிடமிருந்து ஒரு புள்ளி போயிற்று. நோரிஸோடு பட்டத்துக்குப் போட்டியிட்ட மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் ஓட்டியதோ ரிக்கார்டோ அணியின் உடன்பிறப்பான ரெட்புல்லில். 2025 முதல் அந்தப் புள்ளி மறுபடியும் இல்லை.

கழித்துவிடும் கணக்கு இதைவிடப் பெரிய காயங்களை உண்டாக்கியது. 1964-இல் கிரகாம் ஹில் மொத்தமாக 41 புள்ளி ஈட்டியிருந்தார். சிறந்த ஆறு முடிவுகள் மட்டும் சேரும் என்பதால் 39 ஆகக் குறைந்தது. ஜான் சர்டீஸ் 40 புள்ளியோடு சாம்பியன் ஆனார். 1988-இல் அலன் ப்ரோஸ்ட் 105, ஏர்டன் சென்னா 94. பதினாறில் பதினொன்றுதான் செல்லும் என்று கழித்த பிறகு ப்ரோஸ்ட் 87, சென்னா 90. பட்டம் சென்னாவுக்கு. பதினொரு புள்ளி கூடுதலாகச் சம்பாதித்தவர் தோற்றார் என்று கேட்கும் யாருக்கும் அநியாயம் என்றே படும்.

ஆனால் அது அநியாயம் அல்ல. விதி ஆண்டின் தொடக்கத்திலேயே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இரண்டாம் இடங்களைச் சேர்த்துவைப்பதில் பயனில்லை, வெற்றிதான் வேண்டும் என்று அந்த விதி சொன்னது. அதன்படி சென்னா எட்டு வென்றார், ப்ரோஸ்ட் ஏழு. விதி முட்டாள்தனமானதாகக்கூட இருக்கலாம். முன்கூட்டியே சொல்லி, எல்லோருக்கும் ஒரே மாதிரி நடத்தினால் அதில் ஏமாற்று இல்லை. 1991-இல் வெற்றிக்கு 10 புள்ளி, எல்லாப் பந்தயமும் சேரும் என்று கணக்கை மாற்றினார்கள். அதுவும் சரிதான். உண்மையான அநியாயங்கள் வேறு இடத்தில் நடந்தன: பந்தயம் ஓடிக்கொண்டிருக்கும்போது, அல்லது அது முடிந்த பிறகு, அறைக்குள்.

இரண்டுக்கும் நடுவே நிற்பது 1984. மொனாக்கோவில் அன்று கொட்டும் மழை. ப்ரோஸ்ட் முன்னால் போய்க்கொண்டிருந்தார். டோல்மன் என்ற சிறிய அணியின் காரில் புதியவரான சென்னா சுற்றுக்குச் சுற்று அவரை நெருங்கிக்கொண்டிருந்தார். பந்தய அதிகாரியாக இருந்த ஜாக்கி இக்ஸ் செங்கொடி காட்டி நிறுத்தினார். கணக்கில் சேர்ந்தவை 31 சுற்றுகள்தான். முக்கால் தூரம் ஓடாத பந்தயத்துக்குப் பாதிப் புள்ளி என்பது விதி. வெற்றியின் 9 புள்ளி 4.5 ஆனது. இக்ஸ் போர்ஷே அணியின் ஓட்டுநர். ப்ரோஸ்டின் மெக்லாரனில் இருந்ததும் போர்ஷே தயாரித்த என்ஜின். சந்தேகம் எழாமல் இருக்குமா? ப்ரோஸ்டுக்குச் சலுகை காட்டிவிட்டார்கள் என்று பலர் பேசினார்கள்.

அந்தச் சலுகை ப்ரோஸ்டுக்கு என்ன தந்தது தெரியுமா? ஆண்டு முடிவில் நிக்கி லவுடா 72, ப்ரோஸ்ட் 71.5. மொனாக்கோ பந்தயம் முழுதாக ஓடி, சென்னா அவரை முந்தியே இருந்தாலும், இரண்டாம் இடத்துக்கு 6 புள்ளி கிடைத்து ப்ரோஸ்ட் சாம்பியன் ஆகியிருப்பார். வென்றதால் பட்டத்தை இழந்தார். ஏழு பந்தயங்களை வென்றவர் ஐந்து வென்றவரிடம் அரைப் புள்ளியில் தோற்றார். இதே பாதிப் புள்ளி விதியால்தான் 1975-இல் பார்சிலோனாவின் மோஞ்சுயிக் தடத்தில், விபத்தால் பாதியில் நின்ற பந்தயத்தில், இத்தாலியின் லெல்லா லொம்பார்டி ஆறாவதாக வந்து அரைப் புள்ளி பெற்றார். உலகச் சாம்பியன்ஷிப்பில் புள்ளி பெற்ற ஒரே பெண் இன்றும் அவர்தான்.

தண்டனைகளின் கதை இதைவிடக் கரடுமுரடானது. வெகுகாலம் இந்தத் தப்புக்கு இந்தத் தண்டனை என்று அட்டவணையே கிடையாது. 1976-இல் ஸ்பெயினில் ஜேம்ஸ் ஹண்ட் வென்றார். அவருடைய மெக்லாரன் 1.8 சென்டிமீட்டர் அகலம் கூடுதல் என்று வெற்றியைப் பறித்தார்கள். மேல்முறையீட்டில் திருப்பிக் கொடுத்தார்கள். பிரிட்டனில் வென்றார், அதையும் பறித்து லவுடாவுக்குக் கொடுத்தார்கள். ஆண்டு இறுதியில் ஹண்ட் 69, லவுடா 68. இரண்டு முறையீடுகளில் ஏதாவது ஒன்று வேறு விதமாக முடிந்திருந்தால் இந்த ஒரு புள்ளி இப்படி நின்றிருக்காது. ரசிகர்கள் தடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பட்டத்தின் பாதியை முறையீட்டு மன்றத்தில் எழுதினார்கள்.

1989 அக்டோபர் 22, ஜப்பானின் சுசுகா. பட்டப் போட்டியில் உயிரோடு இருக்கச் சென்னா வென்றே ஆக வேண்டும். வேகத்தைக் குறைக்கும் சிக்கேன் வளைவில் ப்ரோஸ்டை முந்தப் பார்த்தார், ப்ரோஸ்ட் உள்பக்கம் திரும்பினார், இரண்டு மெக்லாரன்களும் சிக்கிக்கொண்டன. ப்ரோஸ்ட் இறங்கி நடந்தார். சென்னா ஊழியர்களைத் தள்ளச் சொல்லி, என்ஜினை எழுப்பி, தப்பிப்புச் சாலை வழியாகத் தடத்துக்குத் திரும்பினார். முன்மூக்கை மாற்றிக்கொண்டு வந்து, அலெஸ்ஸாண்ட்ரோ நன்னினியை முந்தி முதலாவதாக முடித்தார். சிக்கேனை முறையாகக் கடக்கவில்லை என்று சொல்லி அவரைத் தகுதிநீக்கம் செய்தார்கள். பட்டம் ப்ரோஸ்டுக்குப் போனது. மெக்லாரன் முறையிட்டது. விளையாட்டின் ஆட்சி அமைப்பு அதைத் தள்ளியதோடு, சென்னாவுக்கு ஒரு லட்சம் டாலர் அபராதமும் நிறுத்திவைக்கப்பட்ட ஆறு மாதத் தடையும் விதித்தது. அமைப்பின் தலைவர் பிரான்ஸின் ஜான்-மரி பாலெஸ்ட்ர், ப்ரோஸ்டின் நாட்டவர்.

சென்னாவிடம் தவறே இல்லை என்று வாதிட முடியாது. ஆனால் மோதல் என்ற பெரிய குற்றத்தை விட்டுவிட்டு, அதன் பின்விளைவான சிறிய மீறலுக்கு உச்சத் தண்டனை கொடுத்ததில் அளவே இல்லை. அந்தப் புண் ஆறவில்லை. அடுத்த ஆண்டு அதே சுசுகாவில் சென்னா முதல் வரிசையின் முதலிடம் பிடித்தார். அந்த இடம் தடத்தின் அழுக்குப் பக்கத்தில் இருக்கிறது, மாற்றுங்கள் என்று கேட்டார், மறுத்தார்கள். முதல் வளைவிலேயே ப்ரோஸ்டின் ஃபெராரிமேல் நேராக ஏற்றினார். இருவரும் வெளியேற, பட்டம் சென்னாவுக்கு. மணிக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் செய்த மோதல் அது. அதற்குத் தண்டனை எதுவும் இல்லை. வேண்டுமென்றே செய்ததாகப் பின்னர் 1991-இல் அவரே சொன்னார். சிறிய மீறலுக்குப் பட்டம் போனது, பெரிய குற்றத்துக்குப் பட்டம் கிடைத்தது.

அந்த முன்மாதிரியைப் பார்த்து வளர்ந்தவர் மைக்கேல் ஷூமாக்கர். 1994 அடிலெய்டில் டேமன் ஹில்லுடன் மோதி, ஒரு புள்ளியில் முதல் பட்டத்தை வென்றார். தண்டனை இல்லை. 1997-இல் ஹெரெஸில் ஜாக் வில்னுவ் மீது அதையே செய்தார். இம்முறை மணலில் சிக்கியது அவரே. அந்த ஆண்டில் அவருக்குக் கிடைத்த இரண்டாம் இடத்தை ஆட்சி அமைப்பான எஃப்.ஐ.ஏ. ரத்து செய்தது. வெற்றிகளும் சாதனைகளும் அப்படியே இருந்தன, அடுத்த ஆண்டுக்குத் தடை இல்லை, சாலைப் பாதுகாப்புப் பிரசாரத்தில் கலந்துகொள்ளச் சொன்னார்கள். பட்டம் ஏற்கெனவே கைவிட்டுப் போன ஒருவருக்கு இரண்டாம் இடம் எதற்கு? தண்டனையின் எடை அவருக்கு உறைக்கவே இல்லை.

அடுத்த ஆண்டு சில்வர்ஸ்டோனில் நடந்ததை நம்பவே கடினம். விபத்து நேரத்தில் கார்களை மெதுவாக்கும் சேஃப்டி கார் ஓடும்போது அலெக்ஸாண்டர் வூர்ஸின் காரை முந்தியதற்காக ஷூமாக்கருக்குப் பத்து விநாடித் தண்டனை. அறிவிப்பைக் கையால் எழுதி, விதிக்கப்பட்ட நேரம் கடந்த பிறகு அணியிடம் கொடுத்தார்கள். அணிகளின் பழுதுபார்ப்பு இடமான பிட்டில் வந்து நின்று கழிப்பதா, கடைசியில் நேரத்தோடு கூட்டுவதா என்பது அதில் தெளிவாக இல்லை. ஷூமாக்கர் கடைசிச் சுற்றில் பிட் பாதைக்குள் நுழைந்தார். முடிவுக் கோடு பிட் பாதைக்கும் குறுக்கே ஓடுவதால், ஃபெராரியின் பெட்டியை அடையும் முன்பே கோட்டைக் கடந்து பந்தயத்தை வென்றுவிட்டார். பிறகு அந்தத் தண்டனையையே ரத்து செய்தார்கள். சம்பந்தப்பட்ட மூன்று நடுவர்களும் தங்கள் உரிமங்களைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

இந்தக் குழப்பங்களிலிருந்து மெல்ல மெல்ல ஓர் ஒழுங்கு உருவானது. 2010 முதல் நடுவர் குழுவில் முன்னாள் ஓட்டுநர் ஒருவர் உட்காரத் தொடங்கினார். 2014-இல் ஐந்து விநாடித் தண்டனை வந்தது. ஓட்டுநர் உரிமத்தில் தண்டனைப் புள்ளிகள் ஏறும் முறையும் வந்தது. பன்னிரண்டு மாதத்தில் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு பந்தயத் தடை.

விநாடிகளில் தண்டிப்பது பார்வைக்குச் சமமானது. ஆனால் பத்து விநாடி எல்லோருக்கும் ஒரே பத்து விநாடி இல்லை. 2021 சில்வர்ஸ்டோனில் லூயிஸ் ஹாமில்டனின் கார் இடித்ததில் வெர்ஸ்டாப்பன் 51 ஜி விசையோடு தடுப்பில் மோதி மருத்துவமனைக்குப் போனார். தவறு பெரும்பாலும் ஹாமில்டனுடையது என்று முடிவு செய்து பத்து விநாடி கொடுத்தார்கள். வேகமான காரில் இருந்த ஹாமில்டன் அதைக் கழித்துவிட்டு, இறுதிக் கட்டத்தில் சார்ல் லெக்லெர்க்கை முந்தி வென்றார். 25 புள்ளி. தாக்குண்டவருக்குப் பூச்சியம். நடுவர்கள் விளைவைப் பார்ப்பதில்லை, செயலை மட்டுமே எடை போடுகிறார்கள் என்பது அவர்கள் கோட்பாடு. அதில் நியாயம் உண்டு. ஆனால் நடுவரிசையில் திணறும் ஒரு காருக்கு அதே பத்து விநாடி அன்றைய பந்தயத்தையே முடித்துவிடும்.

தண்டனையை ஆயுதமாக்கவும் வழி பிறந்தது. 2024 சவுதியில் கெவின் மக்னுசனுக்கு இரண்டு முறை பத்துப் பத்து விநாடி விழுந்தது. இனித் தனக்குப் புள்ளி இல்லை என்றான பிறகு, பின்னால் வந்தவர்களை மெதுவாக்கி நிறுத்திவைத்தார். அந்த இடைவெளியில் அவருடைய ஹாஸ் அணித் தோழர் நிகோ ஹூல்கன்பெர்க் பத்தாம் இடம் பிடித்தார். சிறிய அணிக்கு அந்த ஒரு புள்ளி பெரிய காசு. அதே மக்னுசனுக்கு அதே ஆண்டு மோன்ஸாவில் பன்னிரண்டாம் தண்டனைப் புள்ளி விழுந்து, அடுத்த பந்தயம் போயிற்று. அந்தக் கடைசிச் சம்பவத்தில் இடிபட்ட பியர் காஸ்லியே, இதற்கு இவ்வளவு தண்டனை தேவையில்லை என்றார்.

விதியை வளைக்க மறுத்ததால் பயன்பெற்றவர்களில் ஒரு கோயம்புத்தூர்க்காரர் உண்டு. 2005 ஜூன் 19, இண்டியானாபொலிஸ். சாய்வான கடைசி வளைவைத் தாங்காமல் மிஷெலின் டயர்கள் பழுதாயின. வேகத்தைக் குறைக்க அங்கே ஒரு சிக்கேன் அமையுங்கள் என்று கேட்டார்கள், எஃப்.ஐ.ஏ. மறுத்தது. அணிவகுப்புச் சுற்று முடிந்ததும் மிஷெலின் கார்கள் பதினான்கும் பிட்டுக்குள் போய்விட்டன. ஆறே கார்கள் ஓடின. ஜோர்டான் அணியில் இருந்த நாராயண் கார்த்திகேயன் நான்காவதாக வந்து 5 புள்ளி பெற்றார். ஃபார்முலா ஒன்னில் இந்தியர் ஒருவர் பெற்ற முதல் புள்ளிகள் அவை. அரங்கத்தில் காசு கொடுத்து உட்கார்ந்தவர்கள் கொதித்தார்கள், அவர்கள் கோபம் நியாயமானது. ஆனால் சரியான டயரோடு வந்த மூன்று அணிகளை, தவறான டயரோடு வந்தவர்களுக்காக மாற்றியமைத்த தடத்தில் ஓடச் சொல்வது எந்த நியாயம்? கார்த்திகேயனின் ஐந்து புள்ளியை ஓசிப் புள்ளி என்று தள்ளுவது தவறு. அவர் காரைத் தடத்தில் வைத்திருந்தார், முடித்தார்.

புள்ளிக் கணக்கோ ஒவ்வொரு முறையும் முந்தைய ஆண்டின் கோபத்துக்குப் பதிலாகவே மாறிவந்தது. 2002-இல் ஷூமாக்கர் ஜூலையிலேயே பட்டத்தை முடித்துவிட்டார் என்று, 2003-இல் முதலிடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் இடையிலான வித்தியாசத்தை இரண்டு புள்ளியாகக் குறைத்தார்கள். அந்த ஆண்டே ஒரே ஒரு பந்தயம் வென்ற கிமி ரெய்க்கோனன், ஆறு வென்ற ஷூமாக்கரிடம் இரண்டு புள்ளியில்தான் தோற்றார். 2008-இல் ஐந்து வென்ற ஹாமில்டன், ஆறு வென்ற ஃபெலிபே மாஸாவை 98-க்கு 97 என்று தோற்கடித்தார். 2009 தொடங்கச் சில நாள் இருக்கையில், அதிக வெற்றி பெற்றவருக்கே பட்டம் என்று அறிவித்தார்கள். அணிகள் எதிர்க்கவே பின்வாங்கினார்கள். 2010-இல் வெற்றிக்கு 25 வந்தது. 2014-இல் கடைசிப் பந்தயத்துக்கு மட்டும் இரட்டைப் புள்ளி என்றார்கள். ஆண்டு முழுக்க உழைத்ததை ஒரு மாலையில் இரட்டிப்பாக எடை போடும் அந்த யோசனை ஒரே ஆண்டில் செத்தது, செத்ததே நல்லது.

2021-இல் எல்லாக் கோளாறுகளும் ஒன்றுகூடின. பெல்ஜியத்தின் ஸ்பாவில் மழை. சேஃப்டி காருக்குப் பின்னால் சில சுற்று ஊர்வலம் போனதைப் பந்தயம் என்று கணக்கிட்டு, வெர்ஸ்டாப்பனுக்கு 12.5, ஹாமில்டனுக்கு 7.5 என்று பாதிப் புள்ளி வழங்கினார்கள். அங்கே யாரும் யாரையும் முந்த முயலவே இல்லை. அந்த அரைகளைச் சுமந்துகொண்டே இருவரும் 369.5 என்ற சமநிலையில் டிசம்பர் 12 அன்று அபுதாபிக்கு வந்தார்கள். ஹாமில்டன் முன்னிலையில் இருக்க, இறுதியை நெருங்கும்போது நிகோலஸ் லத்தீஃபி மோதினார். சேஃப்டி கார் வந்தது. வெர்ஸ்டாப்பன் புது டயர் மாட்டிக்கொண்டார். சுற்றுப் பின்தங்கிய கார்கள் முந்த வேண்டாம் என்று பந்தய இயக்குநர் மைக்கேல் மாஸி முதலில் சொன்னார். பிறகு இருவருக்கும் இடையே இருந்த ஐந்து கார்களை மட்டும் போகவிட்டார். சேஃப்டி காரையும் விதி சொன்னதைவிட ஒரு சுற்று முன்பே அழைத்துக்கொண்டார். மீதி ஒரு சுற்று. பழைய டயரில் ஹாமில்டன், புது டயரில் வெர்ஸ்டாப்பன். வெர்ஸ்டாப்பன் முந்தினார்.

வெர்ஸ்டாப்பன் எந்த விதியையும் மீறவில்லை. அந்த ஆண்டு பட்டத்துக்குத் தகுதியானவர்தான். ஹாமில்டனும் தகுதியானவர்தான். இருவரையும் தோற்கடித்தது, பந்தயம் ஓடும்போதே திருத்திய விதி. ஹாமில்டனின் அணியான மெர்சிடஸின் முறையீட்டை அன்றிரவே நடுவர்கள் தள்ளினார்கள். அடுத்த பிப்ரவரியில் மாஸியைப் பொறுப்பிலிருந்து நீக்கினார்கள். மார்ச்சில் வந்த எஃப்.ஐ.ஏ. அறிக்கை நடந்தது மனிதத் தவறு என்றது. பட்டியலில் ஒரு எண்ணும் மாறவில்லை.

மாறாத பட்டியலுக்கு எதிராகத்தான் மாஸா நின்றார். 2008 சிங்கப்பூர் பந்தயத்தில் அவர் முன்னிலையில் இருந்தபோது, ரெனோ அணியின் நெல்சன் பிகே ஜூனியர், அணித் தோழர் ஃபெர்னாண்டோ அலோன்சோவுக்கு வழி செய்யத் திட்டமிட்டே சுவரில் மோதினார். அதனால் வந்த பிட் நெரிசலில் எரிபொருள் குழாயோடு புறப்பட்ட மாஸாவுக்கு அன்று ஒரு புள்ளியும் இல்லை. சதி அம்பலமானது 2009-இல். அதற்குள் பரிசளிப்பு முடிந்துவிட்டது, முடிவுகளைத் தொட முடியாது என்றார்கள். சிங்கப்பூர் முடிவை ரத்து செய்திருந்தால் ஹாமில்டனின் அன்றைய ஆறு புள்ளி போய், பட்டம் மாஸாவுக்கு வந்திருக்கும். ஒரு புள்ளி வித்தியாசத்தில் தோற்ற அந்தப் பட்டத்துக்காக, 2024-இல் எஃப்.ஐ.ஏ. மீதும் ஃபார்முலா ஒன் நிர்வாகத்தின் மீதும் அதன் முன்னாள் தலைவர் பெர்னி எக்கிள்ஸ்டோன் மீதும் லண்டன் உயர் நீதிமன்றத்தில் அவர் வழக்குத் தொடுத்தார்.